கோயில் மலருக்கு வரலாறு எழுதுமுன் எந்த நூலை வாங்குவது? ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்பை ஒட்டியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த ஆண்டு கும்பாபிஷேகம். ஒரு காலத்தில் பால்மரக் காட்டுக்குள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் ஸ்டோருக்கும் இடையில் இருந்தவள் அந்த அம்மன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் வந்தபோது, அவளும் சனங்களோடு பட்டணத்து ஓரத்துக்குக் குடிபெயர்ந்தாள். கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுவதென்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவாயிற்று. "வரலாற்றுப் பகுதியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் டீச்சர். புத்தகம் வாங்க 300 வெள்ளி ஒதுக்கியிருக்கிறோம்" என்றார் தலைவர்.

வெள்ளி என்றால் எங்கள் ரிங்கிட். கோயில் கணக்கில் 300 வெள்ளி பெரிய தொகை. பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் போடும் வரலாற்று நூல்களின் விலையோடு வைத்துப் பார்த்தால், அது ஒரு நூலுக்குப் போதும். பழைய பிரதி கிடைத்தால் இரண்டு வாங்கலாம். தோட்டத் தொழில், சமயம், அச்சுப் பண்பாடு என்று மூன்று வகை நூல்கள் எனக்கு முன்னால் இருந்தன. அவற்றுள் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். பேராக்கிலும் கெடாவிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இதே வேலையில் இறங்கியிருக்கின்றன. ஊர்ப்பணத்தில் வாங்கும் ஒரே நூல் சரியான நூலாக இருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு இருந்தது, உங்களுக்கும் இருக்கும்.

முதல் படி: நூலைத் தேடுமுன் கேள்வியை எழுதுங்கள்

"எங்கள் கோயிலின் வரலாறு" என்பது தலைப்பு. கேள்வி வேறு. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அட்டையில் கோபுரப்படம் போட்ட நூல் கைக்கு வரும். உள்ளே நமக்கு வேண்டியது இருக்காது.

கேள்வி எங்கே கிடைக்கும்? மூத்தவர்களிடம். எங்கள் வரிசையில் 86 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கியவர். தோட்டத்துத் திருவிழாவைப் பற்றிக் கேட்டேன். "தீமிதி அன்றைக்குத் துரைக்குத்தான் முதல் மாலை. துரைசாணி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார். அன்றைக்குப் பெரட்டு கிடையாது" என்றார். துரை என்றால் வெள்ளைக்கார மேலாளர்; பெரட்டு என்றால் விடியுமுன் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. அடுத்த வீட்டுத் தாத்தா இன்னொன்று சொன்னார்: "முன்னெல்லாம் கிடா வெட்டுவோம். பத்திரிகை படிக்கிற ஆட்கள் வந்து பேசிப் பேசித்தான் நின்றது."

இந்த இரண்டு பேச்சுக்குள் ஒரு நூலகத்துக்கான கேள்விகள் இருக்கின்றன. அம்மன் கோயிலில் துரைக்கு ஏன் முதல் மாலை? நிலம் யாருடையது, தகரமும் பலகையும் யார் பணத்தில் வந்தன? பெரட்டு இல்லாத நாளை யார் முடிவு செய்தது? இவை தொழிலும் சமயமும் சந்திக்கும் இடம். பத்திரிகை படிக்கிறவர்கள் யார், என்ன பத்திரிகை, லயத்துக்குள் அது எப்படி வந்தது? இவை அச்சும் சமயமும் சந்திக்கும் இடம்.

ஒரு தாளை எடுத்து இப்படி மூன்று கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் "ஏன்", "யார்", "எப்படி" என்ற சொல்லோடு இருக்கட்டும். "எப்போது" என்று தொடங்கும் கேள்விக்கு நூல் வாங்க வேண்டாம். நூலகத்தில் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: மூன்று அலமாரிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

தொழில் வரலாறு முதலில். இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். நம் பாட்டிமார் இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு செய்த வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

இந்தத் தொடக்கக் கதைக்கு 1973இல் வந்த டிராபிளின் ஆய்வு இருக்கிறது. 1876 முதல் 1922 வரை ரப்பர் எப்படி ஒரு தொழிலாக வளர்ந்தது என்று சொல்கிறது. நிலம், மூலதனம், கம்பெனி, விலை ஆகியவற்றைப் பற்றி அறிய அது நல்ல நூல். ஆனால் கோயில் மலர் எழுதுகிறவர் அதை மட்டும் வாங்கினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அதன் அக்கறை வேறு.

ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதற்குக் கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூல். 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர்களைப் பற்றியது. வரைபடமும் அட்டவணையும் நிறைந்தது. அரசும் தோட்ட முதலாளிகளும் கூலிகளை எப்படி நிர்வகித்தார்கள் என்பதற்கு 1960இல் வந்த பார்மரின் நூல். ஆட்களை அழைத்துவரும் செலவுக்காக 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி, 1910இல் நின்ற சஞ்சிக்கூலிச் (ஒப்பந்தக் கூலி) சேர்ப்பு, அதன்பின் ஓங்கிய, தோட்டத்து மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும் கங்காணி முறை, தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு 1938இல் இந்திய அரசு விதித்த தடை ஆகிய நான்கையும் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தோட்டக் கோயிலின் வரலாற்றையும் எழுத முடியாது. கங்காணி தன் ஊர்க்காரர்களையே அழைத்து வந்தார். அவர்களோடு அந்த ஊர்த் தெய்வமும் வந்தது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில் மதுரைவீரனும் இன்னொன்றில் காளியம்மனும் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவர் முதலில் கங்காணியின் சொந்த ஊரைத் தேட வேண்டும்.

சமய நூல்கள் இரண்டு விதம். ஒன்று, ஆலயங்களின் பெருமை சொல்லும் நூல்கள். அவற்றை நான் மதிக்கிறேன், ஆனால் அவை ஆய்வு நூல்கள் அல்ல. மற்றது, ஆய்வாளர் ஒருவர் மாதக்கணக்கில் தங்கிப் பார்த்து எழுதியவை. நம் வேலைக்கு மிகவும் பயன்படுவது ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்ட ஆய்வு. 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி, குடும்பம், சாதி, தொழிற்சங்கம், கோயில் எல்லாவற்றையும் அருகிருந்து எழுதியிருக்கிறார். ஓர் எச்சரிக்கை: அவர் அந்தத் தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்துப் 'பால் மெலாயு' என்று வைத்தார். மானிடவியல் நூல்களில் இது வழக்கம். நூலின் கடைசியில் வரும் சொல்லடைவில் உங்கள் தோட்டத்தின் பெயர் இல்லை என்பதால் இப்படிப்பட்ட நூலைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கை இதைவிடப் பெரியது. பினாங்குக் கோயில்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. தைப்பூசத்தைப் பற்றிய கோலின்ஸின் 1997ஆம் ஆண்டு நூல் அவற்றில் ஒன்று. ஆனால் பினாங்கு நேரடி ஆங்கில ஆட்சியில் இருந்த நீரிணைக் குடியேற்றப் பகுதி. அங்கே 1905இல் இந்து, முஸ்லிம் அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கோயில் சொத்தை ஒரு வாரியம் பார்த்துக்கொண்டது. பேராக்கோ சுல்தானின் மாநிலம். கூட்டமைப்பு மலாய் மாநிலங்களுள் ஒன்று. தோட்டக் கோயில் நின்ற நிலம் கம்பெனியின் நிலம். செட்டியார்களும் வணிகர்களும் கட்டிய கோயிலின் கதையை அப்படியே எடுத்து லயத்துக் கோயிலுக்குப் பொருத்தினால் மலர் பொய் சொல்லும். தோட்டம் விற்கப்பட்ட நாளில் அம்மனுக்கு ஏன் பட்டா இல்லாமல் போனது என்பதற்கான விடையே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தொழிலையும் சமயத்தையும் சேர்த்துச் சிந்திக்க விரும்புகிறவர்களுக்கு ஐரோப்பிய வரலாறும் உதவும். மாக்ஸ் வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில், புராட்டஸ்டன்ட் சமய ஒழுக்கத்துக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். இ. பி. தாம்சன் 1963இல், இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தைப் பற்றிய பெருநூலில், மெதடிஸ்ட் சபை ஆலைத் தொழிலாளியை எப்படி நேரத்துக்கும் ஒழுங்குக்கும் பழக்கியது என்று காட்டினார். அதைப் படித்துவிட்டு நம் பெரட்டுக் களத்தையும் பஜனைக் கூடத்தையும் கள்ளுக்கடையையும் நினைத்துப் பார்த்தால் புதிய கேள்விகள் பிறக்கும். விடைகளை மட்டும் அங்கிருந்து எடுத்து வராதீர்கள். லங்காஷயரின் நெசவாலை வேறு, பேராக்கின் பால்காடு வேறு.

இனி அச்சு. மூன்று அலமாரிகளில் நம்மவர்கள் கை வைக்காதது இதுதான். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதல் பெருமை பேசுகிறோம். ஆனால் அச்சுத்தாள் நம் லயத்து வாசலுக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்பதில்லை. சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேசன்' வந்தது. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 வரை நடந்தது. கோ. சாரங்கபாணி 1929இல் 'முன்னேற்றம்' இதழையும் 1935இல் 'தமிழ் முரசு' பத்திரிகையையும் கொண்டுவந்தார். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். தாத்தா சொன்ன "பத்திரிகை படிக்கிற ஆட்கள்" இந்த ஆண்டுகளின் பிள்ளைகள். கிடா வெட்டு நின்ற கதையைச் சமய நூல் "மாற்றம் ஏற்பட்டது" என்று ஒரு வரியில் கடந்துவிடும். யார் பேசினார்கள், எதைப் படித்துவிட்டுப் பேசினார்கள் என்று அச்சு வரலாறுதான் கேட்கும்.

தமிழ் அச்சுக்கு ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் 2003ஆம் ஆண்டு நூலும், ஆ. இரா. வேங்கடாசலபதியின் 2012ஆம் ஆண்டு நூலும் திடமானவை. இரண்டும் தென்னிந்தியாவைப் பற்றியவை என்பதை மறக்காதீர்கள். ஆனாலும் வேங்கடாசலபதி வாசிக்கும் முறையைப் பற்றி எழுதுகிறார்: ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்ட காலத்திலிருந்து, தனியே உட்கார்ந்து கண்ணால் படிக்கும் காலத்துக்கு நகர்ந்த கதை. எங்கள் தோட்டத்தில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டு வாசலில் ஒருவர் பத்திரிகை படிக்க இருபது பேர் குந்தியிருந்து கேட்டார்கள் என்று தாத்தா சொன்னபோது, அது எழுத்தறிவில்லாதவர்களின் பரிதாபக் காட்சி அல்ல, தமிழ் வாசிப்பின் நீண்ட மரபு என்று எனக்கு அந்த நூலால்தான் விளங்கியது.

அச்சு வரலாற்றில் ஒரு பெரிய வாதமும் உண்டு. எலிசபெத் ஐசன்ஸ்டைன் 1979இல், அச்சு வந்ததால் எழுத்து மாறாத நிலைபெற்றது, அதனால் ஐரோப்பாவின் சமயமும் அறிவியலும் மாறின என்று வாதிட்டார். 1998இல் ஏட்ரியன் ஜான்ஸ் அதை மறுத்தார்: அச்சு தானாக நம்பகத்தைத் தராது, அச்சடிப்பவரும் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து உழைத்துத்தான் அந்த நம்பகத்தை உண்டாக்கினார்கள் என்றார். மலர் போடுகிற நமக்கு இது தூரத்துச் சண்டை அல்ல. மலரில் அச்சாகிவிட்டால் பிழையும் உண்மையாகிவிடும்; அடுத்த மலர்க்காரர் அதைப் பார்த்து எழுதுவார். எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலின் தொடக்க ஆண்டு இப்படி மலருக்கு மலர் பின்னோக்கி நகர்ந்திருப்பதை நானே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: நூலைப் பின்னாலிருந்து திறங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆய்வு நூலை முகப்பிலிருந்து பார்க்காதீர்கள். கடைசிப் பக்கங்களைத் திறந்து, வரலாற்றாசிரியர் யாருடைய தாள்களைப் படித்தார் என்று பாருங்கள்.

நூற்பட்டியலில் காலனிய அமைச்சின் கோப்புகள், தொழிலாளர் இலாகா ஆண்டறிக்கைகள், தோட்ட முதலாளிகள் சங்கத்தின் அறிக்கைகள் ஆகியவை மட்டும் இருந்தால், நூல் துரை பங்களாவின் தாழ்வாரத்திலிருந்து எழுதப்பட்டது என்று பொருள். அது கெட்ட நூல் என்று சொல்லவில்லை. பார்மரின் நூல் பெரும்பாலும் அத்தகைய ஆவணங்களை நம்பியது; கொள்கையைப் பற்றியது என்பதால் அது பொருத்தம்தான். ஆனால் கோயிலைப் பற்றி அந்தத் தாழ்வாரத்திலிருந்து தெரிவது கொஞ்சம். தமிழ்ப் பத்திரிகைகள், துண்டறிக்கைகள், நேர்காணல்கள், தொழிற்சங்கப் பதிவேடுகள் பட்டியலில் இருக்கின்றனவா? தமிழ் மூலங்கள் ஒன்றுகூட இல்லாமல் மலாயாத் தமிழர் சமயத்தைப் பற்றி எழுதப்பட்ட நூலுக்கு ஊர்ப்பணத்தைக் கொடுக்க என் மனம் ஒப்பாது.

அடுத்தது சொல்லடைவு. அதில் தேட ஐந்து சொற்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கையும் காலும் அறிந்த சொற்களாக இருக்கட்டும். நான் எழுதியவை: கங்காணி, பெரட்டு, கிராணி, கள்ளுக்கடை, தீமிதி. ஒரு நூலில் கங்காணி மட்டும் இருந்தார். இன்னொன்றில் கள்ளுக்கடைக்கு ஏழெட்டுப் பக்க எண்களும் கோயிலுக்கு ஒன்றும் இருந்தன. மூன்றாவதில் தீமிதிக்கு அருகில் "தோட்ட மேலாளர், விழாவில்" என்ற குறிப்பு இருந்தது. பாட்டியின் முதல் மாலை அந்த ஒரு வரியில் எனக்குத் தெரிந்தது. உடனே அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படித்தேன்.

படிக்கும்போது அடிக்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். பெரிய கூற்று ஒன்றைச் சொல்லிவிட்டு, அடிக்குறிப்பில் இன்னொருவர் நூலை மட்டும் காட்டினால், அந்த இன்னொருவர் நூலே நமக்கு வேண்டியதாக இருக்கலாம். ஒரு நல்ல நூல் இப்படிக் கைகாட்டியே அதைவிட நல்ல நூலுக்கு அழைத்துப் போகும்.

நான்காம் படி: ஒரே நாளை எல்லா நூலிலும் படியுங்கள்

இரண்டு நூல்களுக்கு இடையில் மனம் ஊசலாடினால், உங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு இரண்டிலும் தேடுங்கள். எங்களுக்கு அந்த நாள் 1948 ஜூன் 16. அன்று காலை எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் ஆலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அரசு அறிவித்த அவசரகாலத்துக்குள் நாடு போனது. 1960 வரை அது நீடித்தது. சுங்கை சிப்புட்டின் பெயர் உலக வரலாற்றில் ஏறியது அந்தக் காலையால்தான்.

சில நூல்களில் இது மூன்று துரைகளின் மரணம், அதோடு சரி. சிலவற்றில் இது கம்யூனிஸ்ட் கட்சியின் கதை. இன்னும் சில நூல்கள், அதற்கு முந்தைய மாதங்களின் வேலைநிறுத்தங்களையும், 1947இல் கெடாத் தோட்டங்களில் நடந்த போராட்டங்களையும், தடை செய்யப்பட்ட தொழிற்சங்கக் கூட்டமைப்பையும், அதன் தலைவராக இருந்து 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்ட எஸ். ஏ. கணபதியையும் சேர்த்துச் சொல்கின்றன. நான் பார்த்தது அதற்கும் அடுத்த கேள்வி: அவசரகாலத்தில் சிதறிக்கிடந்த லயங்களை ஒன்றுகூட்டி முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்தார்களே, அப்போது வேலிக்கு வெளியே நின்றுவிட்ட கோயில்கள் என்னவாயின? இதைக் கேட்கிற நூல் எதுவோ, அது நம் மக்களை மரங்களைப் போல எண்ணிக்கையாகப் பார்க்காத நூல்.

உங்கள் ஊருக்கு இப்படி ஒரு நாள் இல்லையா? கிள்ளான் வட்டாரத்தார் 1941 வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டத்தாருக்கும் 1942, 1943ஆம் ஆண்டுகளின் சயாம் மரண ரயில்பாதை இருக்கவே இருக்கிறது.

ஐந்தாம் படி: பதிப்பைப் பாருங்கள்

ஆண்டு முக்கியம். 1970இல் வந்த நூலுக்குத் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது, தெரியும். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தெரியும். அதற்குப்பின் செம்பனைக்காகவும் வீடமைப்புக்காகவும் சனங்கள் வெளியேறிய கதை அதற்குத் தெரியாது. பழைய நூலைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை வேறு நூலால் அடைக்க வேண்டும்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி மலருக்காக ஒரு பழைய ஆய்வு நூலை இணைய விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். வந்தது, எங்கோ ஒளிவருடிப் புதிதாகக் கட்டிய பிரதி. உள்ளே வரைபடங்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. மடிப்புத் தாளில் இருந்த அட்டவணைகள் இல்லவே இல்லை. சொல்லடைவின் கடைசி இரண்டு பக்கங்கள் காணவில்லை. பணம் திரும்பவில்லை. அதிலிருந்து, வாங்குமுன் விற்பனையாளரிடம் மூன்று படங்கள் கேட்டு வாங்குகிறேன்: பதிப்புரிமைப் பக்கம், ஒரு வரைபடம், சொல்லடைவின் கடைசிப் பக்கம். நேர்மையான விற்பனையாளர் ஒரு நாளில் அனுப்பிவிடுவார்.

பெட்டாலிங் ஜெயாவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள பதிப்பகங்கள் மலேசிய வரலாற்று நூல்களை மெல்லட்டையில் மறுபதிப்புச் செய்கின்றன. வெளிநாட்டுக் கெட்டியட்டையை வாங்குமுன் உள்ளூர்ப் பதிப்பு உண்டா என்று பாருங்கள். சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி விலக்கில் புத்தகமும் சேரும்.

ஆறாம் படி: பார்க்காமல் வாங்காதீர்கள்

தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம், இந்த நூல்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஒரு நாளை ஒதுக்குங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலேறினால் கோலாலம்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது, தேசிய ஆவணக்காப்பகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தமிழ் நூல்களுக்கு அங்குள்ள நூலகத்தை விசாரியுங்கள். வெளியார் நுழைவதற்கான விதிகளை முன்னதாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கவும் வழி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் 'தமிழ் முரசு' உண்டு. மலேசிய அரச ஆசியக் கழகக் கிளையின் ஆய்விதழில் வந்த கட்டுரைகளை ஜேஸ்டோர் (JSTOR) என்ற இணைய ஆய்விதழ்த் தொகுப்பில் இலவசக் கணக்குத் தொடங்கிப் படிக்கலாம். ஒருவர் நூலாக எழுதுமுன் அதன் சாரத்தைப் பெரும்பாலும் கட்டுரையாக எழுதியிருப்பார். இருபது பக்கக் கட்டுரையைப் படித்தால் முந்நூறு பக்க நூல் வேண்டுமா என்று தெரிந்துவிடும். அதே ஆய்விதழ்களில் மதிப்புரைகளும் வரும். ஒரு நூலுக்கு இரண்டு மதிப்புரையாவது படியுங்கள். இருவரும் ஒரே குறையைச் சொன்னால் அந்தக் குறை உண்மை.

ஏழாம் படி: முடிவு

என் மூன்று கேள்விகளில் இரண்டு தொழிலும் சமயமும் சந்திக்கும் இடத்தைப் பற்றியவை. அதனால் ஜெயினின் தோட்ட ஆய்வையே வாங்கினேன். பழைய பிரதி, முதுகு சற்றே பிரிந்தது, உள்ளே எல்லாப் பக்கமும் முழுதாக இருந்தது. சந்துவின் அட்டவணைகளை நூலகத்தில் பார்த்துக் குறிப்பெடுத்தேன். அது தேடிப் பார்க்கிற நூல், பக்கத்தில் வைத்துப் படிக்கிற நூல் அல்ல. அச்சு நூல்களை இரவல் வாங்கிப் படித்தேன். மீந்த பணம் ரயில் டிக்கெட்டுக்கும் நகலெடுக்கவும் போயிற்று.

உங்கள் கேள்வி வேறானால் முடிவும் வேறாகும். ஆட்கள் வந்த வழிதான் கேள்வியென்றால் சந்து. தமிழ்ப்பள்ளியின் வாசிப்பு, நாடகம், சங்கம், பத்திரிகை என்றால் தயங்காமல் அச்சு வரலாற்றை வாங்குங்கள். கோயிலுக்கும் அது உதவும். சொத்துத் தகராறில் இருக்கிற கோயிலுக்கு நிலச் சட்டத்தையும் தோட்டத் துண்டாடலையும் பற்றிய நூல் வேண்டும், புராணப் பெருமை வேண்டாம். எதுவும் பொருந்தவில்லை என்றால் வாங்காமல் திரும்புங்கள்; பணம் நிர்வாகத்திடமே இருக்கட்டும்.

எட்டாம் படி: எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்

நூலிலிருந்து எடுத்து எழுதிய பகுதியை, அச்சுக்குக் கொடுக்குமுன், அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் முன்னால் சத்தமாக வாசியுங்கள். நான் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். "தோட்ட நிர்வாகம் கோயில் திருவிழாவுக்குப் பணம் கொடுத்து வந்தது" என்ற வரி வந்ததும் பாட்டி கையை உயர்த்தினார்.

"கொடுத்தது என்று எழுதாதே அம்மா. மாதாமாதம் செக்ரோலில் எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்ததைத்தான் திருவிழாவுக்குக் கொடுத்தார்கள். மேலே கொஞ்சம் போட்டார்கள், அது உண்மைதான்."

செக்ரோல் என்றால் தோட்டத்துச் சம்பளப் பதிவேடு. வீட்டுக்கு வந்து நூலை மறுபடியும் புரட்டினேன். நிர்வாகத்தின் உதவியும் தொழிலாளர் சந்தாவும் அங்கே தனித்தனியாகத்தான் பேசப்பட்டிருந்தன. நான்தான் அவசரத்தில் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பியிருந்தேன். மலரில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட சந்தாவாலும், அதனோடு நிர்வாகம் சேர்த்த தொகையாலும் திருவிழா நடந்தது." அதற்குக் கீழே, சொன்னவர் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்று குறித்திருக்கிறேன்.